பட்டாளத்துப் பொட்டலமும் ஐஸ்பெட்டியும்

பட்டாளத்தில் இருப்பவர்கள் லீவில் ஊருக்கு வந்தால் நம்மைப் போலத்தான் இருக்கிறார்கள். லுங்கி கட்டிக்கொள்கிறார்கள், டீக்கடையில் கதை அளக்கிறார்கள், மத்தியானம் குறட்டை விட்டுத் தூங்குகிறார்கள். தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொள்வது, பால் பாக்கெட் வாங்கப் போகும்போதும் முதுகில் பை மாட்டிக்கொள்வது, யாராவது கூப்பிட்டால் கழுத்தோடு சேர்ந்து முழு உடம்பையும் திருப்புவது, இதெல்லாம் பட்டாளத்தில் சேரப் போய்த் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் செய்கிற வேலை. ஊருக்கு ஒருவராவது இப்படி இருப்பார். பழவேற்காட்டு ஏரிக்கரையில், எங்கள் கோட்டைக்குப்பத்தில் அது நான்.

ஆள் எடுப்பு நடந்த மைதானத்தில் முதல் சுற்று முழுக்க நான்தான் முன்னால் ஓடினேன் (இதை யாராலும் மறுக்க முடியாது). இரண்டாவது சுற்றில், தெம்புக்காகக் காலையில் சாப்பிட்டிருந்த இட்லி மொத்தமும் மைதானத்துக்கே போய்ச் சேர்ந்தது. ஓர் அதிகாரி வந்து தோளில் தட்டி இந்தியில் ஏதோ சொன்னார். பாராட்டுகிறார் என்று நினைத்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தேன். வெளியே போகிற வழி அந்தப் பக்கம் என்று சொல்லியிருக்கிறார்.

நைனாவுக்கு (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) இதில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. "தண்ணில பொழைக்கிறவனுக்குத் தரையில இன்னாடா ஓட்டம்? வா, வலை கிழிஞ்சு கீது, வந்து தெச்சுக் குடு" என்றார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. பட்டாளம் என்னை எடுக்காவிட்டால் என்ன, பட்டாளத்தை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று முடிவு செய்து, பொன்னேரிக்குப் போய்ப் பச்சையும் பழுப்புமாகப் புள்ளி போட்ட கால்சட்டை ஒன்று வாங்கி வந்தேன். எங்கள் ஊர் முழுக்க மணல். அந்தக் கால்சட்டை போட்டு நடந்தால் கலங்கரை விளக்கத்திலிருந்துகூட என்னை அடையாளம் கண்டுபிடித்துவிடலாம்.

இந்த நிலைமையில்தான் சித்தப்பா லீவில் வந்தார். நைனாவின் தம்பி, பட்டாளத்தில் லாரி ஓட்டுபவர். தகரப் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து பச்சைப் பொட்டலங்களாக எடுத்து என் மடியில் போட்டார். "இந்தாடா. ரயிலுக்குக் குடுத்தாங்க, தோஸ்துங்க பங்கும் சேர்த்து கீது. நான் வழியெல்லாம் சமோசா துன்னுகினு வந்துட்டேன்" என்றார்.

ஒவ்வொரு பொட்டலத்துக்குள்ளும் ஓர் உலகம் இருந்தது. புலாவ் ஒரு பை, பருப்பு ஒரு பை, ரவை அல்வா ஒரு பை, பல்லுக்குச் சவால் விடுகிற இனிப்புத் துண்டுகள், டீத்தூள். எல்லாவற்றுக்கும் மேலே, அடுப்பே இல்லாமல் சோறு சுட வைக்கிற ஒரு சின்னப் பை. உள்ளே சாம்பல் நிறத்தில் ஏதோ பொடி. அதன் மேல் கொஞ்சம் தண்ணீர் விட்டால் போதும், நெருப்பில்லாமல் கொதிக்கும், புகையும், பக்கத்தில் வைத்த சாப்பாடு சுடச்சுடத் தயாராகிவிடும். "தண்ணி மட்டும் தெரியாம பட்டுடக் கூடாது, உசாரு" என்று சித்தப்பா சொன்னார். எனக்கா சொல்ல வேண்டும்? அன்று முதல் அந்த எச்சரிக்கையை ஊரில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நான் வீட்டுச் சோறு தொடவில்லை. மொட்டை மாடியில் உட்கார்ந்து பொட்டலம் பிரிப்பேன். கடற்கரையில் கட்டுமரத்துக்குப் பின்னால் குப்புறப் படுத்துப் பொட்டலம் பிரிப்பேன் (எதிரி கடல் வழியாக வருவான் என்று ஒரு கணக்கு). பொன்னேரி பஸ்ஸில் ஒருநாள் ஜன்னலோரம் உட்கார்ந்து பையில் தண்ணீரை ஊற்றினேன். உஸ்ஸென்று ஆவி கிளம்பியதும் பக்கத்து சீட்டு அம்மா கோழிக்கூடையோடு பின்சீட்டுக்கு ஓடினார்.

"யோவ், இன்னாயா அது பொகையுது? எறங்கு மொதல்ல!" என்றார் கண்டக்டர்.

"ராணுவ உணவு சார்."

"ராணுவம்னா ஜீப்புல போ. இது கவருமென்ட் பஸ்ஸு."

பாதி வழியில், வெயிலில், உப்பளத்து ஓரமாக நின்று அந்தப் புலாவைச் சாப்பிட்டேன். நாட்டுக்காக எதையும் தாங்கலாம் என்றுதான் தோன்றியது.

அம்மாவுக்கு இது பெரிய அவமானம். ஏரி ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம், நடுவில் இருக்கிற வீட்டில் பிள்ளை பொட்டலத்தைப் பிரித்துத் தின்கிறான் என்றால் ஊர் என்ன பேசும்? "நண்டு ரசம் வெச்சுக்கீறேன், மடவை மீனு கொழம்பு வெச்சுக்கீறேன், இவன் காகிதத்த நக்கிகினு கீறான் பாரு" என்று தெருவில் போகிறவர்களிடமெல்லாம் முறையிட்டார். அந்த உணவுக்கு இன்னொரு குணமும் உண்டு. வயிற்றுக்குள் போனது வெளியே வருவதற்கு மேலிடத்து உத்தரவு தேவைப்படும். அதைப் பற்றி இங்கே விரிவாக எழுத வேண்டாம், ஆனால் அந்த மாதம் நான் நடந்த விறைப்பான நடைக்குப் பயிற்சி மட்டும் காரணம் இல்லை.

இதற்கிடையில் என் அக்கா தேவகிக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை பாலு, ஆரம்பாக்கத்தில் படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். எங்கள் நைனாவின் எஞ்சினைச் சரி பண்ண ஒருமுறை வந்தார். அதற்குப் பிறகு அந்த எஞ்சின் ஏனோ அடிக்கடி பழுதானது. எஞ்சின் இருந்த கொட்டகைப் பக்கம் அக்காவைத் தவிர யாரும் போவதில்லை என்பதை வீட்டில் யாரும் யோசிக்கவில்லை. எனக்குத் தெரியும். அக்கா அவரைத்தான் கட்டிக்கொள்வாள், இல்லாவிட்டால் யாரையும் கட்டிக்கொள்ள மாட்டாள் என்பதும் தெரியும்.

பாலுவின் அம்மா செங்கேணியம்மா ஆரம்பாக்கம் மார்க்கெட்டில் மீன் விற்பவர். நகை, சீர் என்று எதுவும் கேட்கவில்லை. ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார். "நிச்சயத்தன்னைக்கு உங்க பாட்டுல வுழுந்த இறாலு ஆக்கிப் போடுங்க. மார்க்கெட்டு சரக்கு வேணாம். சம்மந்தி வூட்டு வலையில வுழுந்ததா ஒரு வாய் துன்னணும், அது போதும் எனக்கு."

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் ஏரியில் இறாலுக்கு வலை போட முறை உண்டு. இன்றைக்கு இந்தக் கூட்டம், நாளைக்கு அந்தக் கூட்டம் என்று ஊர் கூடி ஒதுக்கி வைத்திருக்கிறது. அந்த முறைக்குப் பாடு என்று பெயர். நம் பாடு வராத நாளில் இறால் காலடியில் வந்து துள்ளினாலும் தொடக் கூடாது. ஆகவே எங்கள் பாடு வருகிற நாளிலேயே நிச்சயதார்த்தம் என்று முடிவானது. விடியலில் வலை எடுப்பது, காலையில் இறால் வீட்டுக்கு வருவது, மத்தியானம் விருந்து.

கேட்டது ஒன்றுதான் என்றாலும் அது சின்ன விஷயம் இல்லை. செங்கேணியம்மா ஏற்கெனவே ஒரு சம்பந்தத்தை முறித்தவர். அந்த வீட்டில் நாள்பட்ட நண்டை மசாலா தூக்கலாகப் போட்டுப் பரிமாறினார்களாம். மீனில் ஏமாற்றுகிற வீட்டில் பெண் எடுக்க மாட்டேன் என்று இலையிலிருந்து எழுந்து வந்துவிட்டார். இது அக்காவுக்கும் தெரியும். முந்தின நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"டேய் வேலு, நாளைக்கு ஒரு நாளு மட்டும் நீ மனுசனா இரு. மறுநாள் எந்த நாட்டோட வேணா சண்ட போட்டுக்கோ."

"ஒரு வேலையைக் கொடுத்தா முடிச்சிட்டுத்தான் திரும்புவேன்" என்றேன், பார்வையைத் தூரத்தில் நிறுத்தி. அக்கா தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

எனக்குக் கொடுத்த வேலை இதுதான். நைனாவும் கூட்டாளிகளும் கடைசி வலை முடியும்வரை வலை எடுக்கிற இடத்திலேயே இருந்தாக வேண்டும். முதல் வலையில் விழுகிற இறாலை நான் ஐஸ்பெட்டியில் வாங்கி, சின்னப் படகில் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அவ்வளவுதான். ஒரு மூட்டை அரிசிக்கு இருக்கிற புத்தியே அதற்குப் போதும்.

ஆனால் நான் திட்டம் போட்டேன். இரவெல்லாம் குளிரில் நிற்கிற கூட்டாளிகளுக்கு விடியலில் சுடச்சுட அல்வா கொடுத்தால் எப்படி இருக்கும்? மிச்சம் இருந்த எல்லாப் பொட்டலங்களையும் எடுத்துக்கொண்டேன். போர்முனையில் கவரைக் கிழித்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது என்று செல்போன் வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் சொல்லியிருந்தார். அதனால் வெளி உறைகளையெல்லாம் முன்கூட்டியே கிழித்துப் போட்டேன். சாப்பாட்டுப் பைகள் ஒரு பக்கம், சூடாக்கும் பைகள் ஒரு பக்கம். சூடாக்கும் பைகளின் உறைகளையும் கிழித்தேன். தண்ணீர் விட்டால் போதும் என்கிற தயார் நிலையில் எல்லாவற்றையும் ஒரே கேரி பேக்கில் போட்டு இறுக்கக் கட்டினேன்.

பிறகு அந்தக் கேரி பேக்கை ஐஸ்பெட்டிக்குள் வைத்தேன்.

ஏன் வைத்தேன் என்று இன்றுவரை கேட்கிறார்கள். எனக்கும் பதில் தெரியாது. எங்கள் வீட்டில் ஒரு தின்பண்டம் கெடக் கூடாது என்றால் ஒரே வழி ஐஸ்தான். பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தது. தலைக்குள் பட்டாளம் இருந்தது, கை என்னவோ மீனவன் கை. ஆண்டுக்கணக்கில் வெளியே கிடந்தாலும் கெடாது என்று பொட்டலத்தின் மேலேயே போட்டிருந்த சாப்பாட்டை, வெயிலில் கெட்டுவிடுமே என்று உடைத்த ஐஸுக்கு நடுவில் புதைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டேன்.

வலை எடுக்கிற இடத்தில் என் அல்வாவை யாரும் சீண்டவில்லை. அவர்கள் கையோடு பழைய சோறும் கருவாடும் கொண்டுவந்திருந்தார்கள். வலை மட்டும் நன்றாக விழுந்திருந்தது. கண்ணாடி மாதிரி, சாம்பல் நிறத்தில், மீசை துடிக்கத் துடிக்க இறால். என் பெட்டியில் அள்ளிக் கொட்டினார்கள். மேலே ஐஸ், அதன் மேல் இறால், மறுபடி ஐஸ். நைனா மூடியை அழுத்தி மூடினார்.

"நேரா வூட்டுக்குப் போ. வழியில எங்கயும் நிக்காத" என்றார்.

நேராகப் போவது சாதாரண ஆட்கள் செய்வது. எதிரி எதிர்பார்க்காத வழியில் போக வேண்டும் என்று குறுக்கே விட்டேன். தண்ணீர் வற்றுகிற நேரம். படகு சேற்றில் உட்கார்ந்துகொண்டது. தள்ளினேன், இழுத்தேன், இடுப்பு வரை புதைந்தேன். தண்ணீர் ஏறினால்தான் படகு நகரும் என்று தெரிந்ததும், ஏறி ஐஸ்பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். படகில் உட்கார வேறு இடம் இல்லை.

பசி வயிற்றைக் கிள்ளியது. பெட்டியைத் திறந்தால் அல்வா இருக்கிறது. ஆனால் கொடுத்த வேலையை முடிக்காமல் வீரன் சாப்பிட மாட்டான். என் வாழ்க்கையிலேயே நான் ஒழுக்கமாக இருந்தது அந்த ஒரு தடவைதான். அன்றைக்கு மட்டும் ஒழுக்கம் கெட்டு மூடியைத் திறந்திருந்தால் எல்லாம் பிழைத்திருக்கும்.

உள்ளே என்ன நடந்தது என்பது பிற்பாடு தெரிந்தது. இறாலின் தலையில் ஊசி மாதிரி ஒரு கொம்பு உண்டு. மேலே கொட்டிய பாரத்தில் கொம்புகள் கேரி பேக்கைப் பல இடத்தில் குத்திவிட்டன. ஐஸ் உருக உருகத் தண்ணீர் உள்ளே இறங்கியது. நான் தயார் நிலையில் வைத்திருந்த பைகள் அத்தனையும் ஒன்றாகச் சேர்ந்து கடமையைச் செய்தன. ஐஸ்பெட்டி குளிர்ச்சியை வெளியே விடாது என்று மட்டும்தான் நமக்குத் தெரியும். சூட்டையும் அது வெளியே விடாது.

ஆனாலும் கொஞ்சம் வந்தது. உட்கார்ந்த இடம் கதகதவென்று இருந்தது. வெயில் என்று நினைத்தேன். மூடி இடுக்கில் வெள்ளையாக ஆவி வந்தது. ஐஸ் என்றால் ஆவி வரத்தானே செய்யும்? உள்ளே களக் களக்கென்று சத்தம் கேட்டது. இறால் இவ்வளவு துடிப்பாக இருக்கிறதே, அம்மா சந்தோஷப்படுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

தண்ணீர் ஏறி, படகு நகர்ந்து, நான் வீடு வந்து சேர்ந்தபோது மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்து காப்பியும் குடித்து முடித்திருந்தார்கள். வாசலில் பந்தல், உள்ளே அரைத்து வைத்த மசாலா, அரிவாள்மனையோடு காத்திருந்த பெண்கள். பெட்டியைத் தோளில் தூக்கி வந்து நடுக்கூடத்தில் இறக்கி வைத்தேன். அக்கா பட்டுப்புடவையில் கதவோரம் நின்றாள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

மீன் விற்கிற பெண்கள் ஒரு வீட்டுக்குள் வந்தால் மனிதர்களுக்கு முன்னால் ஐஸ்பெட்டியைத்தான் விசாரிப்பார்கள். செங்கேணியம்மா எழுந்து வந்து மூடியைத் திறந்தார். மேல் வரிசை இறால் சாம்பல் நிறத்தில் பளபளவென்று இருந்தது. அம்மா பெருமையாகச் சிரித்தார். ஆனால் மேலே இருப்பதை நம்பி எந்த மீன்காரம்மாவும் மீன் எடுத்ததில்லை. செங்கேணியம்மா புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு கையை அடிவரை விட்டார்.

கையில் வந்தது செக்கச்செவேலென்று, தொளதொளவென்று, வெதுவெதுப்பாக இருந்தது. வெந்ததும் இல்லை, வேகாததும் இல்லை. துருப்பிடித்த இரும்பு மாதிரி ஒரு வாடை வேறு.

"இன்னாது இது?"

அவர் மறுபடி கையை விட்டார். இந்த முறை என் கேரி பேக் வந்தது. அதன் ஓட்டைகளிலிருந்து சாம்பல் நிறத் தண்ணீர் சொட்டியது. அவிழ்த்து, பொடிப் பை ஒன்றை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டினார்.

"மருந்து! நாள்பட்ட சரக்குக்கு மருந்து போட்டு வெச்சுகினு, மேலுக்கு நாலு புது இறாலத் தூவி கீறீங்க. பாட்டு இறால வித்துட்டு இத்தயா எனக்கு ஆக்கிப் போடப் பாத்தீங்க?"

"அய்யய்யோ, இல்ல சம்மந்தி! எங்க வூட்டுல அந்த மாதிரி பயக்கமே கெடையாது" என்று அம்மா பதறினார். அம்மாவும் மீன் விற்றவர்தான். அப்படி ஒரு சொல்லைத் தலையில் சுமந்துகொண்டு அவரால் தெருவில் நடக்க முடியாது. கண் கலங்கி நின்றார்.

"பாலு, எந்திரி. போலாம்" என்றார் செங்கேணியம்மா.

பாலு எழுந்திருக்கவில்லை. உட்காரவும் இல்லை. பாதி எழுந்த மேனிக்கு, அம்மாவையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா என்னைப் பார்த்தாள். திட்டுகிற பார்வையாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். எதுவுமே இல்லாத பார்வை. இவள் வாழ்க்கையை நான் பெட்டிக்குள் போட்டு அவித்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

"அது மருந்து இல்ல அத்தே! அது என்னோட சாப்பாடு!" என்று கத்தினேன்.

கூடமே என் பக்கம் திரும்பியது. சேறு காய்ந்து வெடித்த புள்ளிக் கால்சட்டையோடு நான் நின்றிருந்தேன்.

"இத்தயா துன்ற நீ?" என்றார் செங்கேணியம்மா, பொடிப் பையைக் காட்டி.

"அத்த இல்ல. அது அடுப்பு."

இந்தப் பதில் நிலைமையைச் சரிபண்ணவில்லை. யாரோ ஒரு பெரியவர், "பையனுக்கு உடம்புக்கு ஏதாச்சும் கீதா?" என்று அக்கறையாக விசாரித்தார். சொல்லிப் புரியவைக்க முடியாது, செய்துதான் காட்ட வேண்டும். அவசரத்துக்கு என்று ஒரு சூடாக்கும் பையை மட்டும் உறை கிழிக்காமல் கால்சட்டைப் பக்கப் பாக்கெட்டில் வைத்திருந்தேன்; உறை இருந்ததால் சேற்றிலும் அது நனையவில்லை. ஒரு எவர்சில்வர் பாத்திரத்தைக் கொண்டுவரச் சொன்னேன். தாம்பூலத் தட்டை ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் பாத்திரத்தை வைத்தேன். உறையைக் கிழித்துப் பையை அதில் போட்டேன். மேல் வரிசையிலிருந்து பச்சை இறால் இரண்டை எடுத்து ஒரு பிளாஸ்டிக் பையில் முடிந்து அதன் மேல் படுக்க வைத்தேன். சொம்பிலிருந்து கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

இரண்டு குடும்பமும், ஊர்ப் பெரியவர்களும், எட்டிப் பார்த்த தெருவும் அந்தப் பாத்திரத்தையே பார்த்தன. "கொஞ்சம் டைம் ஆவும்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பட்டாளத்தில் சேரப் போனபோது வேண்டாத தெய்வத்தையெல்லாம் அப்போது வேண்டினேன். செங்கேணியம்மா செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

உஸ்ஸ்ஸ்.

பாத்திரத்திலிருந்து ஆவி குபுகுபுவென்று கிளம்பியது. முன்வரிசை பின்வரிசைக்குப் போனது. பிளாஸ்டிக் பைக்குள் இறால் மெதுவாக வளைந்து, மீசை சிவந்து, வால் சிவந்து, எல்லோர் கண்ணெதிரிலும் முழுதாகச் சிவந்தது. செங்கேணியம்மா செருப்பை விட்டுவிட்டுக் கிட்டே வந்து குனிந்தார். பாத்திரத்தின் மேல் கையை நீட்டிச் சூடு பார்த்தார். பாலு ஒரே எட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

"மச்சான், இத்தினி சூடு வருதே! இத்த எஞ்சினுக்குப் போட்டா ஓடுமா?" என்றார்.

செங்கேணியம்மா என்னைக் கேட்டார்: "இந்த அடுப்ப ஐஸ்பொட்டிக்குள்ள நீயா வெச்ச?"

"ஆமா அத்தே."

"எதுக்கு?"

"கெடாம இருக்கட்டும்னு."

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். அப்புறம் அம்மா பக்கம் திரும்பினார். "சம்மந்தி, தப்பா நெனைச்சுக்காதீங்க. இறாலு புதுசுதான். பையனுக்குத்தான் மண்டையில கொஞ்சம் கயண்டு கீது" என்றார்.

முதலில் சிரித்தது அக்கா. அழுதுகொண்டே சிரித்தாள். அதற்குப் பிறகு கூடத்தில் யாரும் யாரையும் அடக்கவில்லை. அந்தச் சிரிப்பு என்னைப் பார்த்துச் சிரித்தது என்பதெல்லாம் எனக்கு உறைக்கவே இல்லை. உயிர் வந்தது மாதிரி இருந்தது.

பொடித் தண்ணீர் பட்ட இறால் அத்தனையையும் குழி தோண்டிப் புதைத்தார்கள். அடுத்த வலை இறாலோடு நைனா வருவதற்குள் விருந்தாளிகளுக்குப் பசி தாங்கவில்லை. பெட்டிக்குள் கிடந்த சாப்பாட்டுப் பைகள் மட்டும் கிழியாமல், மிகச் சரியாகச் சூடாகி இருந்தன. கழுவித் துடைத்துப் பிரித்துக் கொடுத்தோம். பிள்ளைகள் அல்வாவைக் காலி செய்தன. செங்கேணியம்மா புலாவ் ஒரு வாய் போட்டு வெகுநேரம் மென்றார். "இத்தத் துன்னுட்டா நம்ம பசங்க பனியில போயி நிக்கிறாங்க? பாவம்" என்று சொல்லிவிட்டு, பையில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

நைனா இறாலோடு வந்து சேர்ந்தார். நடந்ததை ஆளுக்கு ஒரு பக்கமாகச் சொன்னார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னிடம் சாந்தமாகச் சொன்னார்: "உன்ன ஏன் பட்டாளத்துல எடுக்கலன்னு இப்பத்தான்டா புரியுது. நாட்டக் காப்பாத்தணும்ல."

அன்றைக்கே என் கால்சட்டை எஞ்சின் துடைக்கிற துணியானது. கல்யாணம் நல்லபடியாக நடந்தது. நான் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர் (பிள்ளைகளை ஓடச் சொல்கிறேன், நான் ஓடிக் காட்டுவதில்லை). வீட்டுச் சோறுதான் சாப்பிடுகிறேன். கதையும் அதோடு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போகிற வழியில், வெறுங்கையோடு போக வேண்டாமே என்று ஆரம்பாக்கம் மார்க்கெட்டில் இறால் வாங்க நின்றேன். செங்கேணியம்மா வயதாகிவிட்டதால் இப்போது கடைக்கு வருவதில்லை. அந்த வரிசையில் எனக்குத் தெரியாத பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கூடையில் இருந்த இறாலுக்குத் தலை லேசாகச் சிவந்திருந்தது.

"இன்னாம்மா, பழசா இருக்கும்போல?"

"அய்யே, காலையில வந்தது ணா. வேலு உக்காந்துட்டான், அவ்ளோதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரு வேலு?"

"தெரியாது ணா. இங்க எல்லாரும் அப்டித்தான் சொல்லுவோம். இறாலு செவந்து கெடந்தா வேலு உக்காந்துட்டான்னு. பயவேற்காட்டாண்ட எவனோ ஒரு அரை லூசாம். ஐஸ்பொட்டி மேல குந்திகினே வந்து இறாலயெல்லாம் வேக வெச்சுட்டானாம். அவனால அவுங்க அக்கா கல்யாணமே நின்னு போச்சாம், பாவம்."

நான் பேசாமல் வந்திருக்க வேண்டும். ஆனால் ரத்தம் கொதித்துவிட்டது. "நிக்கலம்மா! யார் சொன்னது நின்னுச்சுன்னு? ஜாம் ஜாம்னு நடந்துச்சு! எங்க அக்காவுக்கு ரெண்டு பசங்க கீறாங்க!"

அவள் தராசைக் கீழே வைத்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வரிசையின் கடைசி வரை கேட்கிற மாதிரி, "ஏய், எல்லாரும் வாங்கடி, வேலு வந்து கீறாரு!" என்று கூவினாள்.

மார்க்கெட்டே எழுந்து வந்தது. பேரம் பேசுகிற நிலைமையில் நான் இல்லை. சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டேன். அது பழைய இறால்தான். அவள் பையைக் கட்டிக்கொண்டே, மிகுந்த மரியாதையோடு கேட்டாள்:

"ஐஸு போடட்டா ணா, இல்ல நீங்களே எதுனா வெச்சுக்குவீங்களா?"